வெப்பத்துக்கும் எடை உண்டு: ஆர்முடுகும் பாய்மத்தில் வெப்பம் எந்தப் பக்கம் பாயும்?

வெள்ளவத்தையில் இருந்து பல்கலைக்கழக மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வெப்பம் சூடான இடத்தில் இருந்து குளிரான இடத்துக்குத்தான் பாயும் என்று உயர்தரத்தில் படித்தோம். ஆனால் சார்பியல் பாய்ம இயக்கவியலில் வெப்பப் பாய்ச்சலுக்கான சமன்பாட்டைப் பார்த்தால், வெப்பநிலைப் படித்திறனுக்குப் பக்கத்தில் ஆர்முடுகலும் நிற்கிறது. அப்படியானால் எங்கும் ஒரே வெப்பநிலை இருந்தாலும் பாய்மம் ஆர்முடுகினாலே வெப்பம் பாயுமா? இரண்டாம் விதி என்னாவது? நுவரெலியா குளிராக இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?”

தம்பி, மூன்றுக்கும் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். (மற்ற வாசகர்களுக்காக: பாய்மம் என்பது திரவமோ வாயுவோ; ஆர்முடுகல் என்பது வேகம் மாறும் வீதம்; படித்திறன் என்பது ஒன்று இடத்துக்கு இடம் மாறும் வீதம்.) ஆம், பாயும். இரண்டாம் விதி உடையாது. அந்த ஆர்முடுகல் உறுப்பை எடுத்துவிட்டால்தான் உடையும். நுவரெலியாக் குளிருக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் ஏன் தொடர்பில்லை என்பது விளங்கிவிட்டால் பாதிப் பாடம் விளங்கிவிடும். அதனால் அதையும் விரிவாகவே எழுதுகிறேன்.

காலி வீதியில் 101ஆம் இலக்க பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். முக்கால்வாசி தண்ணீர் உள்ள போத்தலை இறுக்கி மூடி, பஸ் போகும் திசைக்கு நேராக மடியில் படுக்கவையுங்கள். மேற்பக்கத்தில் நீளமான ஒரு காற்றுக்குமிழ் நிற்கும். பம்பலப்பிட்டியில் பச்சை விளக்கு எரிந்து சாரதி வேகத்தைக் கூட்டும்போது உங்கள் முதுகு இருக்கையில் அழுந்தும். குமிழோ முன்பக்கம் ஓடும். பிரேக் பிடித்தால் நீங்கள் முன்னே சாய்வீர்கள், குமிழ் பின்னே ஓடும். கனமான தண்ணீர் பின்தங்கிவிட, இலேசான காற்றுக்கு முன்னால் இடம் கிடைக்கிறது. திணிவு உள்ளது எதுவானாலும் ஆர்முடுகலுக்கு எதிர்ப்பக்கம் பின்தங்கும். இது வரைக்கும் நியூட்டன் போதும்.

இனி ஐன்ஸ்டைன் 1905இல் சொன்னதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: சக்தி எந்த வடிவில் இருந்தாலும் அதற்குத் திணிவு உண்டு, சக்தியை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் பிரித்தால் அந்தத் திணிவு வரும். வெப்பமும் சக்திதான். ஒரு லீற்றர் தண்ணீரை 30 பாகையில் இருந்து கொதிநிலைக்குக் கொண்டுவந்தால், நீங்கள் கொடுத்த வெப்பத்தின் திணிவு ஒரு கிராமின் 30 கோடியில் ஒரு பங்கு அளவுக்கு வருகிறது. எந்தத் தராசும் அதைக் காட்டாது. என்றாலும் அது பூச்சியம் இல்லை. திணிவு உண்டென்றால் சடத்துவம் உண்டு; சடத்துவம் உண்டென்றால் பஸ் புறப்படும்போது தண்ணீரைப் போலவே வெப்பமும் பின்தங்க வேண்டும். உங்கள் சமன்பாட்டில் நிற்கும் ஆர்முடுகல் உறுப்பு சொல்வது இதைத்தான்.

“பின்தங்கும்” என்று உவமையாகச் சொன்னால் பௌதிகவியல் மாணவருக்குத் திருப்தி வராது. அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஆர்முடுகிக்கொண்டிருக்கும் ஒரு நீளமான பெட்டி. முன்சுவரும் பின்சுவரும் ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று நோக்கிக் கதிர்வீசுகின்றன. முன்சுவரில் இருந்து புறப்பட்ட போட்டன் (ஒளித்துணிக்கை) பின்சுவரை அடையும் நேரத்துக்குள் பின்சுவர் சற்றுக் கூடிய வேகத்தில் எதிரே வந்துவிடுகிறது. டொப்ளர் விளைவால் போட்டனின் மீடிறன் (அதிர்வெண்) கூடுகிறது. புறப்பட்டபோது இருந்ததைவிடக் கூடிய சக்தியோடு அது உறிஞ்சப்படுகிறது. பின்சுவரில் இருந்து முன்னே போகும் போட்டனுக்கு இதன் மறுதலை: முன்சுவர் அதைவிட்டு விலகிப் போய்விடுகிறது, மீடிறன் குறைகிறது. ஆகவே இரண்டு சுவர்களும் சமமாகக் கொடுத்தாலும் வாங்குவது சமமாக இல்லை. பின்சுவர் மெல்ல மெல்லச் சூடாகிறது. எது வரை? பின்சுவர் கூடுதலாக வீசும் கதிர், இந்த டொப்ளர் இழப்பைச் சரியாக ஈடுசெய்யும் வரை. அந்தப் புள்ளியில் வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டால், ஆர்முடுகலைப் பெட்டியின் நீளத்தால் பெருக்கி, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் பிரியுங்கள். கிடைக்கும் பின்னமே, வெப்பநிலையில் எத்தனை பங்கு வித்தியாசம் என்பதைச் சொல்லும்.

அதாவது ஆர்முடுகும் பாய்மத்தின் வெப்பச் சமனிலை, எங்கும் ஒரே வெப்பநிலை உள்ள நிலை அன்று. பின்பக்கம் சற்றுச் சூடாகவும் முன்பக்கம் சற்றுக் குளிராகவும் இருந்தால்தான் வெப்பம் பாயாமல் நிற்கும். “ஒரே வெப்பநிலையிலும் வெப்பம் பாயுமா” என்று கேட்டீர்கள். ஆர்முடுகும் பெட்டியில் ஒரே வெப்பநிலை என்பதே சமனிலை குலைந்த நிலைதான். அதனால் அங்கே வெப்பம் பாயாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆர்முடுகலையும் ஈர்ப்பையும் ஓர் இடத்தில் நின்றுகொண்டு பிரித்தறிய முடியாது என்ற சமவலுத் தத்துவம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெட்டியை நிமிர்த்தி நிலத்தில் வையுங்கள். இப்போது “பின்பக்கம்” என்பது கீழ்ப்பக்கம். புவியில் அசையாமல் நிற்கும் எந்தப் பாய்மத்திலும் சமனிலையில் கீழே சூடு, மேலே குளிர் என்று ஆகிறது. ரிச்சர்ட் ரொல்மன் 1930இல் இதைப் பொதுச் சார்பியலில் இருந்து நிறுவினார். அதே ஆண்டில் போல் எரன்ஃபெஸ்டுடன் சேர்ந்து இன்னும் பொதுவான வடிவில் எழுதினார். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சமன்பாட்டில் வரும் ஆர்முடுகல், பாய்மம் உண்மையில் உணரும் ஆர்முடுகல்; சுயாதீன வீழ்ச்சியில் இருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதன் அளவு. காலிமுகத்திடலில் அசையாமல் நிற்பவரின் கையில் இருக்கும் தேநீர் அந்தக் கணக்கில் மேல்நோக்கி ஆர்முடுகிக்கொண்டிருக்கிறது. கை தவறி விழும் அந்த அரைச் செக்கனில் அதே தேநீருக்கு ஆர்முடுகல் உறுப்பு பூச்சியம்.

எவ்வளவு பெரிய விளைவு? தாமரைக் கோபுரத்தை எடுங்கள். உயரம் ஏறத்தாழ 350 மீற்றர். உள்ளே அடி முதல் நுனி வரை மூடிய ஒரு குழாயை நிறுத்தி, வெளிச்சூடு படாமல் காத்து, சமனிலை வரும் வரை எண்ணற்ற காலம் காத்திருந்தால், அடிக்கும் நுனிக்கும் இடையில் வரும் வித்தியாசம் ஒரு கெல்வினின் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு. எந்த வெப்பமானியும் அதைப் பிடிக்காது. ஆனால் அதன் பின்னால் இருக்கும் மீடிறன் மாற்றம் உண்மையாகவே அளக்கப்பட்டது. 1960இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பவுண்டும் ரெப்காவும் 22.5 மீற்றர் உயரத்தில் காமாக் கதிர்களை மேலும் கீழும் அனுப்பி, ஆயிரம் இலட்சம் கோடியில் இரண்டரைப் பங்கு என்ற அந்த மாற்றத்தை அளந்தார்கள். தாமரைக் கோபுரத்தின் பதினைந்தில் ஒரு பங்கு உயரம்தான் அது. இரும்புக் கருவின் காமாக் கோடு அவ்வளவு கூர்மையாக இருந்ததால் அது முடிந்தது. இந்தப் பரிசோதனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

இனி நுவரெலியா. கடல் மட்டத்தில் இருந்து 1868 மீற்றர். கொழும்பைவிடச் சுமார் 12 பாகை குளிர். ரொல்மனின் கணக்குப்படி அந்த உயரத்துக்கு வரவேண்டிய வித்தியாசம் ஒரு கெல்வினின் ஆயிரம் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. எனவே இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. அளவில் மட்டுமன்றி வகையிலும் அவை வேறு. மலையேறும் காற்று, அமுக்கம் குறைந்த இடத்துக்குப் போய் விரிகிறது. விரியும்போது தன் அகச்சக்தியைச் செலவழித்துக் குளிர்கிறது. உலர்ந்த காற்றானால் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை. ஈரப்பதன் ஒடுங்கி மறைவெப்பத்தைத் திருப்பித் தருவதால் நடைமுறையில் ஆறு, ஆறரை. இதெல்லாம் வெயில் தினமும் நிலத்தைச் சூடாக்கிக் காற்றைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் நிலைக்கும் படித்திறன். கலக்குவதை நிறுத்தி, சூரியனையும் மறைத்து, காற்றைத் தனியே விட்டுவிட்டால் வெப்பக் கடத்தல் அந்த 12 பாகையை நாளடைவில் அழித்துவிடும். ரொல்மனின் படித்திறனைக் கடத்தலால் அழிக்க முடியாது. கடத்தல் தொழிற்பட்டு ஓய்ந்த பின் எஞ்சி நிற்பதே அதுதான்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் பெரிய மனிதர்கள். 1876இல் வியன்னாவில் லொஷ்மிட், ஈர்ப்பில் நிற்கும் வாயு நிரல் சமனிலையிலும் மேலே குளிராகவே இருக்கும் என்று வாதிட்டார். மாக்ஸ்வெல்லும் போல்ட்ஸ்மனும் மறுத்தார்கள். மாக்ஸ்வெல்லின் மறுப்பு மிக அழகானது: வெவ்வேறு பொருள்களால் ஆன இரண்டு நிரல்களை அருகருகே நிறுத்துங்கள். அடியில் இரண்டையும் ஒரே வெப்பநிலையில் வையுங்கள். நுனியில் அவற்றின் வெப்பநிலைகள் வேறுபட்டால், அந்த வித்தியாசத்தைக் கொண்டு ஓர் எந்திரத்தை என்றென்றைக்கும் ஓட்டலாம். அது இரண்டாம் விதிக்கு முரண். ஆகவே படித்திறன் இருக்கவே முடியாது என்று அவர் முடித்தார். நியூட்டனின் உலகில் அந்த முடிவு சரிதான். ஆனால் வாதத்தை மீண்டும் கவனமாகப் படியுங்கள். அது தடுப்பது, பொருளுக்குப் பொருள் மாறுபடும் படித்திறனை மட்டுமே. எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவாக உள்ள ஒரு படித்திறனை அது தொடவே இல்லை. ரொல்மனின் விடை அப்படிப்பட்டது: நீரானாலும் காற்றானாலும் கதிர்வீச்சானாலும், ஈர்ப்பும் ஒளிவேகமும் மட்டுமே உள்ள ஒரே சூத்திரம். மாக்ஸ்வெல் திறந்துவைத்திருந்த ஒடுங்கிய வழியால் ஐன்ஸ்டைனின் கோட்பாடு நுழைந்துவிட்டது.

இப்போது உங்கள் சமன்பாட்டுக்கு வருவோம். அதை எழுதியவர் கார்ல் எக்கார்ட், 1940இல். அது சொல்வது: வெப்பப் பாய்ச்சல், வெப்பக் கடத்தாறால் (பொருள் வெப்பத்தை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்பதன் அளவால்) பெருக்கிய ஒரு கூட்டுத்தொகைக்கு எதிர்த் திசையில் இருக்கும். கூட்டுத்தொகையின் முதல் உறுப்பு நமக்குப் பழக்கமான வெப்பநிலைப் படித்திறன். இரண்டாவது, வெப்பநிலையை ஆர்முடுகலால் பெருக்கி ஒளிவேகத்தின் வர்க்கத்தால் பிரித்தது. இரண்டும் ஒன்றையொன்று அழித்தால் பாய்ச்சல் இல்லை; அது ரொல்மனின் நிபந்தனையேதான்.

எக்கார்ட் இரண்டாம் உறுப்பைத் தாமாகக் கொண்டுவந்து ஒட்டவில்லை. சக்திக் காப்பு, உந்தக் காப்பு இரண்டையும் சார்பியல் முறையில் எழுதி, பாய்மத்தில் எந்திரப்பி (ஒழுங்கின்மையின் அளவு; அது மொத்தத்தில் குறையாது என்பதே இரண்டாம் விதி) எவ்வளவு வேகமாகப் பிறக்கிறது என்று கணக்கிட்டார். வெப்பப் பாய்ச்சல் எந்திரப்பியைப் பிறப்பிக்கும் வீதத்தில் அந்தக் கூட்டுத்தொகை முழுவதும் ஒன்றாகவே வந்தது. எந்திரப்பி ஒருபோதும் அழியக்கூடாது என்றால், பாய்ச்சலும் அந்தக் கூட்டுத்தொகையும் எதிர்த் திசைகளில் இருக்க வேண்டும். வெப்பநிலைப் படித்திறன் மட்டுமே உள்ள பழைய ஃபூரியேயின் விதியைப் போட்டுப் பாருங்கள்: பின்பக்கம் சற்றே சூடாக, ஆனால் ரொல்மன் கேட்கும் அளவைவிடக் குறைவாக இருக்கும் ஒரு பாய்மத்தில், ஃபூரியே விதி வெப்பத்தைப் பின்னிருந்து முன்னுக்கு அனுப்பும். அந்தக் கணத்தில் எந்திரப்பி குறையும். இதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். இரண்டாம் விதியைக் காக்க நிற்கும் காவலே அந்த ஆர்முடுகல் உறுப்பு. இதை ஒரு தாளில் நீங்களே செய்து பாருங்கள். அரைப் பக்கத்துக்கு மேல் போகாது.

இதோடு முடிந்திருந்தால் அழகான கதை. ஆனால் இந்த உறுப்புக்குள் ஒரு கேடு இருந்தது. 1985இல் ஹிஸ்கொக்கும் லிண்ட்புளொமும் அதை வெளிக்கொண்டுவந்தார்கள். பாடநூல்கள் பெரும்பாலும் விடையை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. காரணம் எளியது என்பதால் அதையே எழுதுகிறேன்.

வெப்பத்துக்குத் திணிவு உண்டென்றால், பாயும் வெப்பத்துக்கு உந்தமும் உண்டு. எங்கும் ஒரே வெப்பநிலையும் ஒரே அமுக்கமும் உள்ள, வெளிவிசை ஏதும் இல்லாத பாய்மத்தை எடுங்கள். மொத்த உந்தம் மாறக்கூடாது. ஏதோ ஒரு சிறு குலைவால் பாய்மம் முன்னோக்கி இம்மியளவு ஆர்முடுகுகிறது என்று வைப்போம். எக்கார்ட்டின் விதிப்படி வெப்பம் உடனே பின்னோக்கிப் பாய்கிறது. சரி. ஆனால் பாய்மம் ஆர்முடுகுகிறது என்றால் அதன் முன்னோக்கிய உந்தம் கூடிக்கொண்டே போகிறது. அதை ஈடுசெய்ய, பின்னோக்கிய வெப்பப் பாய்ச்சலும் கூடிக்கொண்டே போக வேண்டும். பாய்ச்சல் கூடினால், அதே எக்கார்ட் விதிப்படி, ஆர்முடுகலும் கூடியிருக்க வேண்டும். ஆர்முடுகல் கூடினால் உந்தம் இன்னும் விரைவாகக் கூடும். ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு ஓட, அடுக்குக்குறி வேகத்தில் இரண்டும் வெடித்துக் கிளம்புகின்றன. அமைதியாக நிற்கும் ஒரு குவளைத் தண்ணீர் தானாகவே ஒரு பக்கம் பறக்க வேண்டும் என்று கோட்பாடு சொல்கிறது.

எவ்வளவு விரைவாக? கடத்தாறை வெப்பநிலையால் பெருக்கி, அடர்த்தியாலும் ஒளிவேகத்தின் நான்காம் அடுக்காலும் பிரித்தால் வளர்ச்சி நேரம் வரும். அறை வெப்பநிலைத் தண்ணீருக்கு ஹிஸ்கொக்கும் லிண்ட்புளொமும் சொன்ன அளவு சுமார் 10⁻³⁴ செக்கன். குவளைத் தண்ணீர் அப்படிப் பறப்பதில்லை என்பது நமக்குத் தெரியும். பிழை கோட்பாட்டில்தான்.

பிழை எங்கே என்பதுதான் முக்கியம். வெப்பத்துக்குச் சடத்துவம் உண்டு என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, மறுபக்கம் பாய்ச்சலுக்கு அந்தச் சடத்துவத்தைக் கொடுக்காமல் விட்டதுதான் பிழை. எக்கார்ட்டின் விதியில் ஆர்முடுகல் தோன்றும் அதே கணத்தில் முழுப் பாய்ச்சலும் தோன்றிவிடுகிறது. மூலக்கூறுகள் மோதி, சக்தியைக் கைமாற்றி, பாய்ச்சல் உருவாகச் சிறிது நேரம் எடுக்கும் என்பதற்கு அங்கே இடமில்லை. கட்டனியோ 1948இல், சார்பியலைக் கருதாமலே, ஃபூரியே விதியில் இந்தத் தாமதத்தைச் சேர்த்தார். சார்பியலில் இஸ்ரேல் 1976இலும், ஸ்டுவர்ட்டுடன் சேர்ந்து 1979இலும் அதை முழுமையாகச் செய்தார். தாமத நேரம் ஒன்றைச் சேர்த்து மேலே சொன்ன கணக்கை மீண்டும் செய்தால் விடை ஒரே வரியில் வருகிறது: தாமத நேரம், அந்தக் குறுகிய வளர்ச்சி நேரத்தைவிடப் பெரிதாக இருந்தால் வெடிப்பு அடங்கி, குலைவு தானாகத் தணிந்துவிடும். தண்ணீரில் மூலக்கூறுகளின் மோதல் நேரம் 10⁻³⁴ செக்கனைவிடக் கோடானுகோடி மடங்கு பெரியது. ஆகவே உண்மைத் தண்ணீர் உறுதியாக நிற்கிறது.

வேறு வழிகளும் உண்டு. லண்டாவும் லிஃப்ஷிட்ஸும் பாய்மத்தின் வேகத்தைச் சக்தி போகும் திசையைக் கொண்டே வரையறுத்தார்கள். அப்படிச் செய்தால் வெப்பப் பாய்ச்சலே கண்ணில் இருந்து மறைந்து, அதற்குப் பதிலாகத் துணிக்கைகள் பரவுவது மட்டும் தெரியும். ஆர்முடுகல் உறுப்பும் தெரியாது. ஆனால் இயங்கும் நோக்குநர் ஒருவர் பார்த்தால் அங்கும் அதே உறுதியின்மை தலைகாட்டும். வாயுக்களின் இயக்கக் கொள்கையில் இருந்து வருபவர்கள், முதற்படி அண்ணளவில் ஆர்முடுகலுக்குப் பதிலாக அமுக்கப் படித்திறனைப் போடுகிறார்கள். நல்ல வழி, பல கணக்குகளுக்குப் போதும். 2018இல் இருந்து பெம்ஃபிக்கா, டிஸ்கொன்ஸி, நொரோன்யா ஆகியோரும், தனியே கொவ்துனும் காட்டியது எனக்கு மிகவும் பிடித்தது: சமனிலை குலைந்த பாய்மத்தில் “வெப்பநிலை”, “வேகம்” என்பவற்றுக்கு ஒரே ஒரு வரைவிலக்கணம் இல்லை, அந்தச் சுதந்திரத்தைச் சரியாகப் பயன்படுத்தினால் தாமத நேரத்துக்குத் தனிச் சமன்பாடு எழுதாமலே உறுதியான, ஒளிவேகத்தை மீறாத கோட்பாடு கிடைக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக முடியாது என்று பலரும் நம்பியிருந்த வழி அது.

இத்தனை சிறிய விளைவுக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். எங்கும் சிறியதாக இல்லை. நியூத்திரன் விண்மீனின் மேற்பரப்பில் ஈர்ப்பு, புவியைவிட ஓர் இலட்சம் மில்லியன் மடங்கு என்ற அளவில் இருக்கும். அங்கே ரொல்மனின் படித்திறன் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 2 சதவீதம். சூரியனின் 1.4 மடங்கு திணிவும் 12 கிலோமீற்றர் ஆரையும் கொண்ட விண்மீனானால், தூரத்தில் இருந்து நமக்குத் தெரியும் வெப்பநிலை, மேற்பரப்பில் உண்மையாக இருப்பதில் சுமார் 80 சதவீதம்தான். இந்த விண்மீன்கள் ஆயிரமாயிரம் ஆண்டுகளில் எப்படிக் குளிர்கின்றன என்று கணக்கிடும் கணினி நிரல்களில், “உட்பகுதி ஒரே வெப்பநிலையில் உள்ளது” என்று எழுதினால் பிழையாகிவிடும். ஈர்ப்புக் காரணியால் பெருக்கிய வெப்பநிலையைத்தான் மாறிலி என்று எழுத வேண்டும். நீங்கள் கேட்ட அந்த உறுப்பு அங்கே அன்றாடத் தேவை.

திண்மப் பொருள் பௌதிகவியலிலும் இது எதிர்பாராத உதவி செய்தது. மின்கடத்தாறைக் கணக்கிட மின்புலத்தைப் போட்டுப் பார்க்கலாம். வெப்பக் கடத்தாறுக்கு எந்தப் புலத்தைப் போடுவது? 1964இல் லற்றிஞ்சர், கற்பனையான ஓர் ஈர்ப்புப் புலத்தைப் போட்டார். வெப்பநிலைப் படித்திறனும் ஈர்ப்பும் ஒன்றையொன்று சமப்படுத்தும் என்ற ரொல்மனின் விடயம்தான் அதற்கு அடி.

அணுக்கருக்களை மோதவிட்டு உண்டாக்கும் குவார்க்–குளுவோன் பாய்மத்தில் (புரோத்தன், நியூத்திரன்களின் உள்துணிக்கைகளால் ஆன பாய்மத்தில்) கதை சற்று மாறுகிறது. அங்கே வெப்பநிலை நான்கு இலட்சம் கோடி கெல்வின் என்ற அளவு. என் கணக்கில் ஆர்முடுகல் செக்கனின் வர்க்கத்துக்கு 10³⁰ மீற்றரைத் தாண்டும். ஆனால் மிக உயர்ந்த சக்தியில் உண்டாகும் பாய்மத்தில் துணிக்கைகளும் எதிர்த்துணிக்கைகளும் ஏறக்குறையச் சம எண்ணிக்கையில் இருப்பதால், “எதைச் சார்ந்து வெப்பம் பாய்கிறது?” என்ற கேள்விக்கே பொருள் குன்றிவிடுகிறது. சக்தியின் ஓட்டம் ஒன்றுதான் மிஞ்சுகிறது. எக்கார்ட்டின் உறுப்புக்கு வேலை இல்லை. ஆர்முடுகல் அங்கே வேறு வாசலால் வருகிறது: சக்தி அடர்த்தியிலேயே, ஆர்முடுகலின் வர்க்கமாகவும் நான்காம் அடுக்காகவும்.

அந்த வாசலைப் பற்றிச் சொல்லாமல் நிறுத்த மனம் வரவில்லை. 1976இல் அன்ரூ, வெற்றிடத்தில் ஆர்முடுகும் நோக்குநர் ஒருவர் ஆர்முடுகலுக்கு நேர்விகிதமான வெப்பநிலை ஒன்றை உணர்வார் என்று காட்டினார். புவியீர்ப்பு ஆர்முடுகலுக்கு அது ஒரு கெல்வினின் 10¹⁹ இல் ஒரு பங்கைவிடவும் குறைவு. ஒரு கெல்வினை உணர, செக்கனின் வர்க்கத்துக்கு 10²⁰ மீற்றருக்கு மேல் வேண்டும். இதை எக்கார்ட்டின் உறுப்போடு குழப்பாதீர்கள். எக்கார்ட்டில் பிளாங்கின் மாறிலி கிடையாது. இது முழுக்கக் குவாண்டம். ஆனால் இரண்டும் உறவினர். விறைத்த ஒரு நீளமான பெட்டி தன் நீளம் மாறாமல் ஆர்முடுக வேண்டுமானால், அதன் பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஆர்முடுக வேண்டும். அப்படியானால் அன்ரூவின் வெப்பநிலையும் பின்னால் கூட, முன்னால் குறைய இருக்கும். எவ்வளவு கூட என்று கணக்கிட்டால், ரொல்மன் 1930இல் கேட்ட அளவு, இம்மி பிசகாமல்.

திணிவற்ற, சுழற்சிக் குவாண்ட எண் 1/2 ஆன துணிக்கைகளால் ஆன பாய்மம் ஆர்முடுகிக்கொண்டே சமனிலையில் இருக்கும்போது அதன் சக்தி அடர்த்தி என்ன என்று அண்மைய ஆண்டுகளில் கணக்கிட்டிருக்கிறார்கள். மூன்று உறுப்புகள். வெப்பநிலையின் நான்காம் அடுக்கோடு ஒன்று. வெப்பநிலையின் வர்க்கமும் ஆர்முடுகலின் வர்க்கமும் சேர்ந்த இன்னொன்று. ஆர்முடுகலின் நான்காம் அடுக்கோடு, குறை அடையாளத்துடன், மூன்றாவது. வெப்பநிலைக்குப் பதிலாக அன்ரூவின் பெறுமானத்தைப் போட்டு, பொதுக் காரணியை வெளியே எடுத்துவிட்டால் மூன்றும் 7, 10, −17 என்று வருகின்றன. கூட்டுங்கள்: பூச்சியம். அந்த வெப்பநிலையில் ஆர்முடுகும் அந்தப் பாய்மம், அசையாமல் நிற்பவரின் கண்ணுக்கு வெறும் வெற்றிடம்.